எல்லா அம்மையார் வாங்கிய முதல் பரிசு

பரிசளிப்பு விழா மலர் அல்லவா? ஒரு பரிசின் கதையோடு தொடங்குகிறேன்.

1934-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் வட்டாரம். அங்கே அப்போலோ என்ற அரங்கில் புதியவர்களுக்கான போட்டி. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மேடைக்குப் பின்னால் நிற்கிறாள். நல்ல உடுப்புகூட இல்லை. ஆடுவதற்குத்தான் பெயர் கொடுத்திருந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் இரண்டு சகோதரிகள் வந்து அரங்கமே அதிரும்படி ஆடிவிட்டுப் போனார்கள். இனி நாம் ஆடினால் சிரிப்பார்கள் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அந்த அரங்கத்துக் கூட்டம் லேசுப்பட்ட கூட்டமில்லை. பிடிக்கவில்லை என்றால் ஊளையிட்டே விரட்டிவிடுவார்கள். வேறு வழியில்லாமல் பாடினாள். அம்மா வீட்டுக்கு வாங்கி வந்த இசைத்தட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய கானி பாஸ்வெல் என்ற பாடகியின் பாணியில் பாடினாள். முதல் பரிசு 25 டாலர் அவளுக்கே கிடைத்தது.

அவள் பெயர் எல்லா பிட்ஸ்ஜெரால்டு. நம் மொழியில் எழுதினால் பெயரே கொஞ்சம் குழப்பும். ஆகையால் எல்லா அம்மையார் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தாள் தெரியுமா? 1917 ஏப்ரல் 25-ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தாள். தாயும் தந்தையும் சேர்ந்து வாழவில்லை. தாய் மகளை அழைத்துக்கொண்டு நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் ஊருக்கு வந்து, துணி வெளுக்கும் வேலை பார்த்துக் காப்பாற்றினார். பிள்ளை நன்றாகத்தான் படித்தாள். 1932-இல் தாய் இறந்துபோனார். அம்மா போயிட்டா ஒரு பொம்பளைப் பிள்ளையின் கதி என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்குப் போவது நின்றது. தெருவில் சூதாட்டக்காரர்களுக்கு எடுபிடி வேலை செய்தாள். பிடித்துக்கொண்டுபோய் ஹட்சன் என்ற ஊரில் இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியில் போட்டார்கள்.

அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி விடுதி. இருப்பதிலேயே இடிந்துபோன கட்டடங்கள் அவர்களுக்கு. அடியும் உண்டு. பள்ளியில் பாடகர் குழு ஒன்று இருந்தது. ஆனால் அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும். பின்னாளில் உலகமே காது கொடுத்துக் கேட்ட குரலுக்கு அந்தப் பள்ளியின் குழுவில் ஓர் இடம் இல்லை! அங்கிருந்து வெளியேறி, ஹார்லெம் தெருக்களில் கிடைத்ததைத் தின்று கிடந்தவள்தான் அன்றிரவு அப்போலோ மேடையில் நின்றாள்.

பரிசு வாங்கினாலும் வாழ்வு உடனே விடிந்துவிடவில்லை. அந்தக் காலத்தில் சிக் வெப் என்ற முரசுக் கலைஞர் ஹார்லெமில் பெயர் பெற்ற குழு ஒன்றை நடத்தினார். முதுகெலும்பு நோயால் கூன் விழுந்து, உருவத்தில் மிகச் சிறியவர். கை மட்டும் இடி. இந்தப் பெண்ணின் கோலத்தைப் பார்த்து முதலில் தயங்கினார். பாட்டைக் கேட்ட பிறகு சேர்த்துக்கொண்டார். 1938-இல் சிறுமிகள் விளையாடும்போது பாடும் ஒரு பழைய பாட்டை மாற்றியமைத்து எல்லா பாட, அந்த இசைத்தட்டு பத்து லட்சம் விற்றது. அடுத்த ஆண்டே, 1939-இல், வெப் இறந்துபோனார். இருபத்திரண்டு வயதில் குழுவின் பொறுப்பு எல்லாவின் தலையில் விழுந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் பலபேருடைய பாட்டனார்கள் கப்பலேறி வந்த மாதிரி, அமெரிக்காவுக்கும் கப்பலேறிப் போனவர்கள் உண்டு. ரஷ்யப் பேரரசிலிருந்து ஐந்து வயதில் வந்த யூதச் சிறுவன் இர்விங் பெர்லின், அதே நாட்டிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்த ஜார்ஜ் கெர்ஷ்வின், ஐரா கெர்ஷ்வின் சகோதரர்கள் என்று பலர் நாடகங்களுக்கும் படங்களுக்கும் நல்ல நல்ல பாட்டுகள் எழுதினார்கள். நாடகம் ஓடி முடிந்துவிடும். பாட்டு ஜனங்களின் வாயில் நிற்கும். தியாகராஜர் கீர்த்தனையை ஒவ்வொரு வித்துவானும் பாடுகிற மாதிரி, அந்தப் பாட்டுகளை அங்கே ஒவ்வொரு பாடகரும் பாடுவார்கள். ஆனால் 1956-இல் இளைஞர்களுக்கு எல்விஸ் பிரெஸ்லி பித்துப் பிடித்துவிட்டது. பழைய பாட்டு யாருக்கு வேண்டும் என்ற நிலை.

அந்த ஆண்டில்தான் நார்மன் கிரான்ஸ் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் எல்லா அம்மையாருக்காகவே வெர்வ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு கவிஞர் அல்லது இசையமைப்பாளர் பாட்டுகளை மட்டும் எடுத்து, ஒரு தொகுப்பாகப் பாட வைத்தார். முதல் தொகுப்பு கோல் போர்ட்டர் எழுதியவை, இரண்டு எல்.பி. தட்டுகளில் 32 பாட்டுகள். பிறகு ரோஜர்ஸ்-ஹார்ட், டியூக் எலிங்டன், பெர்லின், கெர்ஷ்வின் சகோதரர்கள், ஆர்லன், கெர்ன், மெர்சர் என்று 1964 வரை மொத்தம் எட்டு. கெர்ஷ்வின் தொகுப்பு ஒன்றே ஐந்து தட்டுகள்!

எப்படிப் பாடினார் என்றா கேட்கிறீர்கள்? நம் நாடகப் பாட்டில் தொகையறா வருமில்லையா, அதைப் போல இந்தப் பாட்டுகளுக்கும் முன்னால் ஒரு பகுதி உண்டு. மற்றவர்கள் அதைத் தள்ளிவிட்டு நேரே பல்லவிக்குப் போய்விடுவார்கள். அம்மையாரோ பல பாட்டுகளில் அதையும் பொறுமையாகப் பாடினார். ஒவ்வொரு சொல்லும் தேங்காய் உடைத்த மாதிரி கேட்கும். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த எனக்கே விளங்குகிறது என்றால் பாருங்களேன். மேடையில் சொல்லே இல்லாமல் குரலை எக்காளம் மாதிரி உருட்டி விளையாடக்கூடியவர், இந்தத் தட்டுகளில் அந்த வித்தையைப் பெரும்பாலும் அடக்கிக்கொண்டு எழுதியவரை முன்னே நிறுத்தினார். பில்லி ஹாலிடேயின் குரலில் இருக்கிற துயரம் இவரிடம் இல்லையென்று குறை சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அழுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தும் அழாமல் பாடிய குரல் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் காரணங்கள் புகழ் வந்த பிறகும் ஓயவில்லை. 1955 அக்டோபரில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் கச்சேரி. வெள்ளையரும் கறுப்பரும் கலந்துதான் உட்கார வேண்டும் என்று கிரான்ஸ் பிடிவாதமாக நின்றார். நகரப் போலீசாருக்குப் பொறுக்குமா? அறைக்குள் யாரோ தாயம் உருட்டினார்கள் என்று சொல்லி உள்ளே புகுந்து, ஒரு மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த எல்லா அம்மையாரையும் சேர்த்துக் கைது செய்தார்கள். நிலையத்துக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, அதே போலீசாரில் ஒருவர் அவரிடம் கையெழுத்து வேறு கேட்டாராம்! பத்து டாலர் கட்டிவிட்டுத் திரும்பி வந்து அடுத்த ஆட்டத்துக்குப் பாடினார்கள்.

1960-இல் பெர்லின் நகரில் ஆயிரக்கணக்கானோர் முன்னே ஒரு பாட்டின் அடிகள் நடுவில் மறந்துபோயின. நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே அந்த மெட்டில் பாட்டாகக் கட்டி முடித்தார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது. மொத்தம் 13 கிராமி வாங்கினார். கடைசிக் காலத்தில் நீரிழிவு நோய் கண்ணைக் கெடுத்தது. 1993-இல் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. 1996 ஜூன் 15-ஆம் நாள் காலமானார். 2003-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலமெல்லாம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அந்தப் போர்ட்டர் தொகுப்பைச் சேர்த்தது.

ஹட்சன் பள்ளியில் பட்டதை அவர் வெளியில் பேசியதே இல்லை. அவர் இறந்த பிறகுதான் அது பத்திரிகையில் வந்தது. அந்தப் பள்ளியின் பொறுப்பாளர் ஒருவர் பிற்காலத்தில் அவரை விருந்தினராக அழைத்து வர முயன்றார். எத்தனையோ நாட்டு மேடைகளில் பாடிய அம்மையார் அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போகவில்லை.