கம்ப்யூட்டருக்குக் கைகாட்டி மரம் நாட்டியவர்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே 1927-ம் ஆண்டில் ரெயில் ஓடத் தொடங்கியது. ஒற்றைத் தண்டவாளம்! எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிட்டால் என்ன ஆகும்?

ஒற்றைப் பாதைகளில் அதற்காக ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவரிடம் ஒரு டோக்கன் கொடுப்பார். அது கையில் இல்லாமல் வண்டி நகராது. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்போது இன்னொன்று எடுக்க முடியாது.

இதே தந்திரத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

ஆலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் 1930-ம் ஆண்டு மே 11-ந் தேதி பிறந்தார். தந்தை ரசாயன ஆசிரியர். தாய் கணிதம் படித்தவர். டைக்ஸ்ட்ரா பவுதிகம் படித்தார். 1952-ல் ஆம்ஸ்டர்டாம் கணித நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஏற்காத தொழில்

1957-ல் அவருக்குத் திருமணம். மணமகள் ரியா. பதிவுப் படிவத்தில் தம் தொழில் "புரோகிராமர்" என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று அதிகாரிகள் ஏற்க மறுத்துவிட்டார்கள்! பவுதிக அறிஞர் என்று எழுத வேண்டியதாயிற்று.

குறுக்கீடு

அந்தச் சமயத்தில் நண்பர்கள் இருவர் எக்ஸ்-1 என்ற எந்திரத்தை வடிவமைத்தார்கள். அதில் ஒரு புதுமை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வெளிக்கருவி குறுக்கிட்டு, "என்னைக் கவனி" என்று அழைக்கலாம்.

டைக்ஸ்ட்ரா பயந்துவிட்டார். குறுக்கீடு எந்த நொடியில் வரும் என்று தெரியாது. தவறு நேர்ந்தால், மறுபடி அதை நேரவைத்துப் பார்க்கவும் முடியாது. முதலில் தயங்கினார். பிறகு துணிந்து இறங்கினார். அதையே ஆராய்ந்து 1959-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

இரண்டு வேலைகள் ஒரே பொருளில் ஒரே சமயத்தில் கைவைக்கக் கூடாது. இதற்கு அவர் கண்ட வழிதான் "செமபோர்". ரெயில் கைகாட்டியின் பெயர் அது!

நம் செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் வேலை ஒன்று, வரிசையில் செய்திகளை அடுக்குகிறது. ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததும் ரேடியோ சில்லு குறுக்கிடுகிறது. அந்தக் குறுக்கீட்டு வேலையும் அதே வரிசையைத் தொட வேண்டும். ஆகவே பூட்டு தேவை.

இங்கே ஒரு விபரீதம் உண்டு. அனுப்பும் வேலை பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது குறுக்கீடு வந்து அதை நிறுத்திவிடுகிறது. பிறகு குறுக்கீடு பூட்டுக்காகக் காத்திருக்கிறது. பூட்டைத் திறக்க வேண்டியவனோ நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறான்! இரண்டும் நகராது. போன் உறைந்துபோகும்.

பூட்டுக்குமேல் பூட்டுப் போட்டால் குழப்பம்தான் வளரும். எளிய வழி வேறு. குறுக்கீடு வந்ததும் ஒரு குறிப்பு மட்டும் எழுதிவைத்துவிட்டு விலக வேண்டும். வரிசையைத் தொடும் வேலையைப் பின்னால் வரும் ஒரே ஒரு வேலையாள் பார்த்துக்கொள்வான். அப்போது குறுக்கீட்டுக்குப் பூட்டே வேண்டாம். இன்றைய டிரைவர் புரோகிராம்கள் பலவற்றில் இந்த முறைதான்.

டைக்ஸ்ட்ரா கம்பியில்லாக் கருவிகளுக்கு எழுதியவர் அல்ல. ஆனால் அவற்றை எழுதுகிறவர்கள் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

1972-ல் டியூரிங் பரிசு பெற்றார். 1984-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கம்ப்யூட்டர் மேதையான அவர், தம் குறிப்புகளில் பலவற்றை மைப்பேனாவால்தான் எழுதினார். 1,300-க்கும் மேற்பட்ட குறிப்புகள்!

2002-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, ஆலந்தில் நூனன் என்ற ஊரில், தம் வீட்டில் காலமானார். வயது 72.