சமாதானம் கண்ட சுல்தான் ஸலாஹுத்தீன்

சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்களின் பெயரைக் கேட்டவுடன் ஹித்தீன் போர்க்களமும் பைத்துல் முகத்தஸ் மீட்புமே நம் நினைவில் எழும். பாடநூல்களும் மேடைச் சொற்பொழிவுகளும் அப்பெருமகனாரை வெற்றி வீரராகவே நமக்கு அறிமுகம் செய்து வைத்துள்ளன. அது பொய்யன்று, ஆயினும் பாதி வரலாறே. அவர்தம் வாழ்வின் இறுதிக் கட்டத்தில், 1192 செப்டம்பரில், இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டுடன் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கை மற்றொரு பாதியாகும்.

அது வெற்றிக் களிப்பில் எழுதப்பட்டதன்று. இரு தரப்பாரும் களைத்து, எவரும் தாம் விரும்பியதை முழுமையாகப் பெறாது, மனக்குறையோடு ஏற்றுக்கொண்டது. எனினும் அதன் பயனாகவே அடைபட்ட வழிகள் திறந்தன, சந்தைகள் கூடின, யாத்திரிகர்கள் அச்சமின்றி நடந்தனர். அப்பெருமகனாரின் வாழ்வை அவ்வுடன்படிக்கையின் ஒளியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் உயர்வும்

இன்றைய இராக் நாட்டின் திக்ரீத் நகரில் ஹிஜ்ரி 532ஆம் ஆண்டில் (கி.பி. 1137-38) ஸலாஹுத்தீன் பிறந்தார். அவருக்கு இடப்பெற்ற பெயர் யூசுஃப் என்பதாகும். தந்தையார் நஜ்முத்தீன் ஐயூப், குர்து இனத்தைச் சார்ந்தவர். அவர் பஅல்பக் நகரின் பொறுப்பை ஏற்றமையால் ஸலாஹுத்தீனின் இளமை சிரியாவில் கழிந்தது.

சுல்தான் நூருத்தீன் ஜங்கியின் படைத்தளபதியாக விளங்கிய சிறிய தந்தையார் ஷீர்கூஹ் எகிப்துக்குச் சென்றபோது ஸலாஹுத்தீனும் உடன் சென்றார். 1169இல் ஷீர்கூஹ் மறையவே, முப்பது வயதைச் சற்றே கடந்த ஸலாஹுத்தீன் எகிப்தின் அமைச்சராக அமர்ந்தார். 1171இல் ஃபாத்திமியக் கிலாஃபத் முடிவுற்றது. 1174இல் நூருத்தீன் மறைந்தபின் திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகரமும், 1183இல் ஹலப் (அலெப்போ) நகரமும் அவர் ஆட்சியின் கீழ் வந்தன.

பரங்கியர் நாடும் வணிகர் வழியும்

1099இல் ஐரோப்பியச் சிலுவைப் படையினர் பைத்துல் முகத்தஸைக் கைப்பற்றிக் கடலோரமெங்கும் தம் ஆட்சியை நிறுவியிருந்தனர். அவர்களை அரபு வரலாற்று நூல்கள் இஃப்ரஞ்ச் எனக் குறிக்கின்றன. பிற்காலத்தில் தமிழில் வழங்கலாயிற்றே பரங்கியர் என்னும் சொல், அதுவும் அவ்வேரினின்று கிளைத்ததேயாகும்.

எகிப்துக்கும் திமிஷ்குக்கும் இடைப்பட்ட நெடுவழியின் அருகே கரக் என்னும் கோட்டையைப் பரங்கியர் எழுப்பியிருந்தனர். வணிகர் கூட்டமும் ஹஜ்ஜுப் பயணிகளும் அதன் நிழலைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர் 1184இல் திமிஷ்கிலிருந்து கடற்கரை நகரான அக்காவுக்கு வணிகர்களுடன் பயணம் செய்தார். அவ்வேளையில் சுல்தானின் படை கரக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. ஒருபுறம் முற்றுகை நிகழ, மறுபுறம் வணிகர்கள் இரு நாடுகளுக்கும் இடையே போய்வந்த விந்தையை அவர் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார்.

போர்க்காலத்திலும் வணிகம் முற்றிலும் நின்றுவிடவில்லை என்பது இதனால் விளங்கும். ஆயின் அந்த வணிகம் ஆள்வோரின் வாக்கு என்னும் மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. 1185இல் மழை பொய்த்துப் பரங்கியர் நாட்டில் பஞ்சம் தோன்றியபோது நான்காண்டுக் காலப் போர்நிறுத்தம் ஏற்பட்டது. ஆனால் கரக் கோட்டைத் தலைவன் ரெஜினால்டு, அந்த உடன்பாடு நடப்பில் இருந்தபொழுதே அவ்வழிச் சென்ற பெரும் வணிகக் கூட்டத்தைக் கொள்ளையிட்டான். பொருளையும் மக்களையும் திருப்பித் தருமாறு சுல்தான் கேட்டதும் பயனளிக்கவில்லை. மெல்லிய நூல் அறுந்தது. 1187 ஜூலை 4ஆம் நாள் ஹித்தீன் களத்தில் பரங்கியர் படை முறியடிக்கப்பட்டது.

பைத்துல் முகத்தஸ்

அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள், ஹிஜ்ரி 583 ரஜப் 27இல், பைத்துல் முகத்தஸ் சுல்தான் வசமாயிற்று. 1099இல் அந்நகரில் நிகழ்ந்த பெருங்கொலைக்குப் பழி தீர்க்கப்படும் எனப் பலரும் அஞ்சியிருந்தனர். அவ்வாறு நிகழவில்லை. ஆடவருக்குப் பத்துத் தீனாரும் பெண்டிருக்கு ஐந்து தீனாரும் சிறார்க்கு அதனினும் குறைவாகவும் மீட்புத்தொகை விதிக்கப்பட்டது. ஏழைகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு மொத்தமாக 30,000 தீனார் பெறப்பட்டது. தொகை செலுத்த இயலாதார் பல்லாயிரவர் எஞ்சினர். சுல்தானின் தம்பி ஆதில் அவர்களுள் ஆயிரவரைத் தமக்கெனக் கேட்டுப் பெற்று விடுதலை செய்தார். முதியோர் பலரைச் சுல்தானும் விடுவித்தார். அப்படியும் மீளாதவர் அடிமைப்பட்டனர் என்பதை வரலாறு மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டுவதில்லை.

கிறித்தவர்களின் தலையாய திருக்கோயிலை இடித்துவிடலாம் எனச் சிலர் ஆலோசனை கூறினர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அந்நகரைப் பெற்றபோது அக்கோயிலை விட்டுவைத்த முன்மாதிரியைச் சுட்டி அந்த ஆலோசனை மறுக்கப்பட்டது. கீழைத் திருச்சபைகளைச் சார்ந்த உள்ளூர்க் கிறித்தவர்கள் வரி செலுத்தி அங்கேயே வாழ இசைவு தரப்பட்டது. பரங்கியர் ஆட்சியில் குடியிருக்க உரிமையற்றிருந்த யூதர்களும் மீண்டும் அந்நகரில் குடியேறத் தொடங்கினர்.

அக்காவும் அஸ்கலானும்

நகர் வீழ்ந்த செய்தி ஐரோப்பாவை எழுப்பிற்று. மூன்றாம் சிலுவைப் படை திரண்டு வந்தது. ஏறத்தாழ ஈராண்டு முற்றுகைக்குப்பின் 1191 ஜூலையில் அக்கா பரங்கியர் வசமாயிற்று. அடுத்த மாதம், சரணடைந்திருந்த முஸ்லிம்கள் ஏறத்தாழ 2,700 பேர் ரிச்சர்டு மன்னரின் ஆணையால் கொல்லப்பட்டனர். சுல்தானின் தரப்பிலும் பதிலுக்குக் கைதிகள் பலர் கொல்லப்பட்டனர். செப்டம்பரில் அர்ஸூஃப் களத்தில் சுல்தானின் படை பின்வாங்கிற்று.

இனி அஸ்கலான் நகரையும் அக்காவையும் போன்று இழக்க நேரிடுமோ என்னும் அச்சம் எழுந்தது. எகிப்தின் வாயிலாகிய அந்நகர் பகைவர் கையில் சிக்கினால் பைத்துல் முகத்தஸைக் காத்தல் அரிது. ஆதலின் தம் நகரைத் தாமே இடித்துவிடும் கொடிய முடிவுக்குச் சுல்தான் வந்தார். தம் புதல்வர்களை இழக்க நேர்ந்தாலும் இத்துணைத் துயரம் கொள்ளமாட்டார் என்னும் அளவுக்கு அவர் மனம் நொந்ததை, உடனிருந்த காஜி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் எழுதி வைத்துள்ளார். மதில்கள் சரிந்தன, வீடுகள் எரிந்தன. தூக்கிச் செல்ல இயலாத பொருள்களை மக்கள் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு எகிப்துக்கும் சிரியாவுக்கும் சிதறினர்.

போர் என்பது பகைவன் நம் வீட்டை இடிப்பது மட்டுமன்று. நாமே நம் வீட்டை இடிக்கும் நிலைக்குத் தள்ளப்படுவதும் ஆகும். இவ்வுண்மையைச் சுல்தான் அஸ்கலானில் கண்ணாரக் கண்டார்.

யாஃபா உடன்படிக்கை

போரோடு பேச்சும் நடந்துகொண்டேயிருந்தது. சுல்தானின் சார்பில் ஆதிலே பெரும்பாலும் பேசினார். ரிச்சர்டின் தங்கையை ஆதிலுக்கு மணமுடித்து இருவரும் பைத்துல் முகத்தஸை ஆளட்டும் என்னும் யோசனைகூட 1191இல் எழுந்து மறைந்தது. ரிச்சர்டின் படை பைத்துல் முகத்தஸை இருமுறை நெருங்கியும் முற்றுகையிடாது திரும்பிற்று. 1192 கோடையில் ரிச்சர்டு நோயுற்றார். அவர் நாட்டிலிருந்தும் கவலைக்குரிய செய்திகள் வந்தன. நோயுற்ற பகைவருக்குச் சுல்தான் பழங்களும் பனிக்கட்டியும் அனுப்பி வைத்தார்.

முடிவில் 1192 செப்டம்பர் 2ஆம் நாள் உடன்படிக்கை எழுதப்பட்டது. காலவரையறை மூன்றாண்டு எட்டு மாதங்கள். தூர் நகர் முதல் யாஃபா வரையிலான கடலோரம் பரங்கியருக்கு. பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களுக்கு. லுத், ரம்லா ஆகிய பகுதிகளின் வருவாய் இரு தரப்புக்கும் பங்கு. ரிச்சர்டு மீண்டும் கட்டியிருந்த அஸ்கலான் மதில் இடிக்கப்பட வேண்டும். எவரும் அதில் கோட்டை கொள்ளலாகாது. கிறித்தவர்கள் தம் புனிதத் தலங்களுக்குத் தடையின்றி வந்துபோகலாம்.

சுல்தான் இதனை மனமுவந்து ஏற்கவில்லை. கடலோரத்தில் நிலைத்துவிட்ட பகைவர் பின்னர் வலுப்பெறுவர், தாம் இறந்துவிட்டால் அவர்களைத் தடுப்பார் எவர் என்னும் கவலை அவரை வருத்திற்று. ஆயினும் படைவீரர்கள் சலித்திருந்தனர், கருவூலம் வறண்டிருந்தது. தம் விருப்பத்தினும் மக்களின் இளைப்பையே அவர் பெரிதாக எண்ணினார். அவர்தம் பெருமை இவ்விடத்தேதான் ஓங்குகிறது எனலாம்.

வழிகள் திறந்தன

உடன்படிக்கை முடிந்ததும், இரு நாட்டாரும் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் அச்சமின்றிச் சென்று வரலாம் எனப் பாளையத்திலும் சந்தைகளிலும் முரசறைவிக்கப்பட்டது. அன்று இரு தரப்பாரும் அடைந்த மகிழ்ச்சிக்கு எல்லையில்லை என இப்னு ஷத்தாத் குறிக்கின்றார். நேற்றுவரை வாளோடு மோதியவர்கள் ஒன்றாகக் கலந்து உரையாடினர். முஸ்லிம் வணிகர்கள் யாஃபாவுக்குச் சரக்குடன் சென்றனர். அஸ்கலான் மதிலை இடிக்கச் சுல்தான் அனுப்பிய ஆட்களுடன் பரங்கியரும் சென்று நின்றனர். போரினால் ஒருமுறை இடிந்த மதில் இம்முறை இருவரின் இசைவோடு இடிந்தது.

கிறித்தவ யாத்திரிகர்கள் கூட்டங்கூட்டமாகப் பைத்துல் முகத்தஸுக்கு வந்தனர். தம் ஓலை பெற்றவர்களை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என ரிச்சர்டு வேண்டினார். தம்மோடு பிணங்கிய பிரெஞ்சுக்காரர்களைத் தடுப்பதே அவர் கருத்து. சுல்தான் அதற்கு இணங்கவில்லை. நெடுந்தொலைவிலிருந்து தலம் நாடி வருவோரைத் தடுத்தல் முறையாகாது என்று கருதினார். வழிக்காவலுக்கு வீரர்களை நிறுத்தினார். வந்தோருக்கு உணவளித்து உபசரித்தார். அக்காவில் உற்றாரைப் பறிகொடுத்தோர் பலர் அன்று சுல்தானின் ஆட்சியில் வாழ்ந்தனர். அத்தகைய நாட்டில், நிராயுதபாணியாய் வரும் பகைநாட்டு யாத்திரிகனின் உயிருக்கு ஊறு நேராமல் காத்தல் எளிய செயலன்று.

சாலிஸ்பரி ஆயர் ஹூபர்ட் வால்ட்டரும் அவ்வாறு வந்தவருள் ஒருவர். அவரைச் சுல்தான் அழைத்து அளவளாவினார். அவர் வேண்டியபடி திருக்கோயிலிலும் பெத்லஹேமிலும் நாசரேத்திலும் இலத்தீன் முறை வழிபாடு நடத்தத் தலத்துக்கு இரு குருமாரும் இரு துணைக் குருமாரும் இருந்துவர இசைவளித்தார். ரிச்சர்டு மன்னரோ அந்நகரைக் காணாமலேயே 1192 அக்டோபரில் கப்பலேறினார்.

நகரின் மறுவாழ்வு

சமாதானம் சுல்தானுக்குத் தந்த ஓய்வு மதிலுக்கும் மதரஸாவுக்கும் மருத்துவமனைக்கும் செலவாயிற்று. பைத்துல் முகத்தஸில் ஷாஃபிஈ மதரஸா ஒன்றை நிறுவி அதற்குரிய வக்ஃபுச் சொத்துக்களை ஏற்படுத்தினார். ஸலாஹிய்யா என அவர் பெயராலேயே அது நெடுங்காலம் கல்விப்பணி ஆற்றிற்று. மருத்துவமனைக்கும் ஏற்பாடு செய்தார். பின்னர்ப் பெய்ரூத்துக்குச் சென்றபோது, அந்தாக்கியாவின் பரங்கிய அரசர் போஹிமண்டு அவரைக் காண வந்தார். அவரைச் சிறப்பித்து நிலங்களும் வழங்கினார்.

நவம்பரில் திமிஷ்க் திரும்பிய சுல்தான், பல்லாண்டுகளுக்குப்பின் மனைவி மக்களுடன் கூடியிருந்தார். தம்பியோடு மான் வேட்டைக்குச் சென்றார். ஹஜ்ஜுக்கு ஏக வேண்டும் என்னும் நெடுநாள் ஆவல் மட்டும் நிறைவேறவில்லை. 1193 பிப்ரவரியில் ஹஜ் முடித்துத் திரும்பிய பயணிகளை எதிர்கொண்டு வரவேற்கச் சென்றவர், அதனையடுத்து நோயுற்றார். மார்ச் 4ஆம் நாள், ஹிஜ்ரி 589 ஸஃபர் 27இல், இவ்வுலகைத் துறந்தார். எகிப்தும் சிரியாவும் ஆண்ட அவரின் சொந்தக் கருவூலத்தில் எஞ்சியவை 47 வெள்ளித் திர்ஹம்களும் ஒரு தங்கக் காசுமே. அடக்கச் செலவுக்கும் கடன் வாங்க நேர்ந்தது.

நிலைத்தது எது?

மூன்றாண்டு எட்டு மாதக் காலத்துக்கு எழுதப்பட்ட உடன்படிக்கை நிலையான அமைதியைத் தந்துவிடவில்லை. தவணை முடிந்தபின் 1197இல் மீண்டும் போர் மூண்டது. எனினும் பேசித் தீர்க்கலாம் என்னும் வழி மறக்கப்படவில்லை. யாஃபாவில் உடன்படிக்கை பேசிய ஆதிலே பின்னர் 1198, 1204, 1211 ஆகிய ஆண்டுகளில் பரங்கியருடன் போர்நிறுத்தம் செய்துகொண்டார்.

ஹித்தீன் வெற்றி ஒரே நாளில் கிட்டியது. சமாதானத்தையோ நாள்தோறும் காக்க வேண்டியிருந்தது: வழிக்காவலனின் விழிப்பிலும், வணிகனின் நேர்மையிலும், அயலான் வழிபாட்டுக்கு இடமளிக்கும் மனத்திலும். ரெஜினால்டு என்னும் ஒருவன் வாக்குத் தவறியமையால் ஒரு நாடே போரில் வீழ்ந்தது. விருப்பமின்றிக் கொடுத்த வாக்கையும் ஸலாஹுத்தீன் முழுமையாகக் காத்தமையால் பெயரறியா யாத்திரிகர்கள் பலர் உயிரோடு தம் வீடு திரும்பினர். பூசலும் பிணக்கும் மலிந்த உலகில் வாழப்போகும் மாணவச் செல்வங்கள் அப்பெருமகனாரின் வாளோடு அவர்தம் வாக்கையும் நினைவிற் கொள்வார்களாக!