ஆற்றைத் திருப்பிய பென்னிகுவிக்

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி உண்டு, கம்பு உண்டு, சோளம் உண்டு. பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. மழைக்காக ஏங்குவது என்றால் என்ன என்பதை அந்த ஊர் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுமார் 130 ஆண்டுகளுக்கு முன், வடக்கே மதுரைச் சீமையும் இப்படித்தான் தவித்தது. வைகை ஆற்றில் பல மாதங்கள் வெறும் மணல்தான் கிடக்கும். அந்தச் சீமைக்காக, மலைக்கு அப்பால் ஓடிய ஓர் ஆற்றையே இந்தப் பக்கம் திருப்பினார் ஒரு என்ஜினீயர். அவர்தான் ஜான் பென்னிகுவிக்.

தந்தையை இழந்த சிறுவன்

பென்னிகுவிக் வெள்ளைக்காரர். ஆனால் பிறந்தது நம் நாட்டில், புனா நகரில். நாள், 1841 ஜனவரி 15.

தந்தை ராணுவத் தளபதி. 1849-ல் பஞ்சாபில் சிலியன்வாலா என்ற இடத்தில் பெரும் சண்டை நடந்தது. அதில் தந்தையும் மாண்டார், அண்ணனும் மாண்டார். இருவரும் ஒரே நாளில் போனார்கள்! அப்போது ஜானுக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை.

சிறுவன் தளரவில்லை. இங்கிலாந்தில் படித்து ராணுவ என்ஜினீயர் ஆனான். 1860-ல் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தான்.

மலைக்கு அந்தப் பக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் மழை கொட்டும். பெரியாறு அந்த மழைநீரைச் சுமந்து கொண்டு போய் அரபிக் கடலில் சேர்க்கும். மலையின் இந்தப் பக்கமோ வெயில் காயும்.

அந்த நீரை இங்கே கொண்டுவர முடியாதா? இது பழைய ஆசை. 1808-ல் கால்டுவெல் என்ற ராணுவ அதிகாரி மலையைப் பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார்.

1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. சோறு இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். அதன் பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1882-ல் பென்னிகுவிக்கிடம் பொறுப்பு வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் 8 ஆயிரம் ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது.

திட்டம் இதுதான். ஆற்றின் குறுக்கே அணை கட்டுவது. தேங்கும் தண்ணீருக்காக மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கு மேல் நீளமுள்ள சுரங்கம் வெட்டுவது. அதன் வழியே தண்ணீர் கிழக்கே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகையில் சேரும்.

காட்டோடு போராட்டம்

1887-ல் வேலை தொடங்கியது. சென்னை ராணுவத்தின் பயனியர் படையினர் வந்தார்கள். கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள் வந்தார்கள். ஆயிரக்கணக்கான கூலிகள் வந்தார்கள்.

அது யானையும் புலியும் திரியும் காடு. கல்லை உடைத்தார்கள், சுண்ணாம்பு அரைத்தார்கள், செங்கல் தூளாகிய சுர்க்கியை அதோடு கலந்தார்கள். ஆற்று நீரை மறிக்க முதலில் தற்காலிகக் கரை போட்டார்கள். வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் போயிற்று!

வெள்ளத்தைவிடக் கொடியது மலைக்காய்ச்சல். நேற்று கல் சுமந்தவன் இன்று பாயில் கிடப்பான்.

பணம் போதாமல் போனபோது, பென்னிகுவிக் தம் மனைவியின் நகைகளை விற்று வேலையை நடத்தினார் என்று தேனி, மதுரைப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

கடைசியில் வெற்றி கிடைத்தது. 155 அடி உயரம், 1,200 அடி நீளத்தில் முல்லைப் பெரியாறு அணை எழுந்து நின்றது. 1895 அக்டோபர் 10-ல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். காய்ந்து கிடந்த மண்ணில் நெல் விளைந்தது.

483 உயிர்கள்

இந்த வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. கட்டுமான வேலையின்போது நோயால் மட்டும் 483 பேர் இறந்தார்கள். அணைக்கு அருகிலேயே அவர்களை அடக்கம் செய்தார்கள். பிள்ளைகுட்டிகளுக்குக் கஞ்சி ஊற்றக் கூலி தேடி மலை ஏறியவர்கள் அவர்கள். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் வழி பார்த்துக் காத்திருந்தார்களோ!

பென்னிகுவிக் 1911 மார்ச் 9-ல் இங்கிலாந்தில் காலமானார்.

அணையில் தேங்கிய நீர் பெரிய ஏரியாயிற்று. சுற்றியுள்ள காட்டை 1934-ல் திருவிதாங்கூர் மகாராஜா விலங்குகளின் காப்பிடமாக்கினார். அதுதான் இன்றைய தேக்கடி. குடும்பத்தோடு படகில் போய், கரையில் நீர் குடிக்கும் யானைகளைப் பார்த்து மகிழ்கிறோமே, அந்த ஏரி கூலிகளின் கையால் உண்டானது.

தேனிப் பக்கத்து விவசாயிகள் பென்னிகுவிக்கின் பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

அந்தத் தண்ணீர் கோவில்பட்டிக் கரிசலுக்கு எட்டவில்லை. ஆனாலும் தண்ணீரின் அருமையைக் கரிசல்காரனைவிட அறிந்தவன் யார்? பென்னிகுவிக்கைக் கும்பிடும் கை, பெயர் தெரியாத அந்த 483 பேரையும் சேர்த்துக் கும்பிட வேண்டும். அதுதான் நியாயம்.