டயரில் படித்த பெயர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

திருவரங்கம் அம்மா மண்டபம் சாலையருகே என் தந்தையார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். முதலாண்டில், அப்பா என்ன செய்கிறார் என்று நண்பர்கள் கேட்டபோதெல்லாம், சொந்தத் தொழில் என்று மட்டும் சொல்லி நழுவியவன். என் வெட்கத்தைப் போக்கியவர், நூறாண்டுக்கு முன் மறைந்த ஓர் அயல்நாட்டவர். அவர் பெயரைச் சிறுவயதில் நான் எழுத்துக் கூட்டிப் படித்தது, கடையில் தொங்கிய பழைய டயர் ஒன்றில்தான்.

சென்ற கோடையில், பந்தய சைக்கிள் ஓட்டும் இளைஞர் ஒருவர் காற்றிறங்கிய சக்கரத்தோடு திருச்சியிலிருந்து பாலம் கடந்து வந்தார். அப்பா டயரை நெம்பப் பார்த்தார். நெம்புவதற்கு விளிம்பே இல்லை. அது டியூபுலர் டயர். டியூபை உள்ளே வைத்து உறையை மூடித் தைத்து, ரிம்மின் மேல் பசையிட்டு ஒட்டிவிடுவார்கள். தமக்கு இது பழக்கமில்லை என்று அப்பா ஒளிக்காமல் சொன்னார். பிறகு அந்த இளைஞரிடமே கேட்டுக் கேட்டு, டயரை உரித்தெடுத்தார். அடிநாடாவை விலக்கி, ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் தையலைப் பிரித்து, ஒட்டுப் போட்டு, மறுபடியும் தைத்தார். ஆனால் சக்கரத்தில் மாட்ட மறுத்துவிட்டார். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் இதற்குத் தாங்காது. வேகமாக வளைவில் திரும்பினால் டயர் கழன்று ஆளைத் தள்ளிவிடும். உரிய பசையோடு வரச் சொல்லி, கூலி வாங்காமல் அனுப்பினார்.

ஒட்டு டயரின் வரலாற்றைத் தேடி நூலகத்துக்குப் போன எனக்கு வியப்பு காத்திருந்தது. உலகில் முதலில் பரவிய காற்று டயரே ஒட்டு டயர்தான்! அதைச் செய்தவர், நான் டயரில் படித்த அதே டன்லப்.

ஜான் பாய்ட் டன்லப் 1840 பிப்ரவரி 5 அன்று, ஸ்காட்லாந்தின் டிரெகார்ன் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்றார். 1867இல் அயர்லாந்து சென்று, பின்னர் பெல்பாஸ்ட் நகரில் பெயர் பெற்ற மருத்துவரானார். பொறியியல் அவர் பயின்ற பாடமன்று.

1887இல் அவருடைய மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டி வந்தான். அந்நாளில் சக்கரங்களுக்குக் கெட்டி ரப்பரே டயர். கல் பாவிய தெருக்களில் உடம்பெல்லாம் குலுங்கும். டன்லப் மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டினார். ஒரு மர வட்டத்தின் மேல் அதைச் சுற்றி, துணியால் போர்த்தி ஆணியடித்தார். கால்பந்துப் பம்பால் காற்றடைத்தார். இதையும் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது பாதி வழியில் சாய்ந்தது. புதியதோ முற்றத்தின் கோடி வரை ஓடி மோதித் திரும்பியது. கெட்டி டயர் ஒவ்வொரு கல்லின் மேலும் வண்டியைத் தூக்கிப் போட்டு ஆற்றலை வீணாக்குகிறது. காற்று டயர் கல்லைத் தன்னுள் வாங்கி, அமுங்கி, ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. நாம் வகுப்பில் படிக்கும் மீட்சித்தன்மை இதுவேயன்றோ!

1888 டிசம்பர் 7 அன்று காப்புரிமை கிடைத்தது. 1889 மே 18 அன்று பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழாவில் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்த டயரோடு இறங்கி, நான்கு சைக்கிள் பந்தயங்களிலும் வென்றார். பருத்த டயரைக் கண்டு நகைத்தவர்கள் வாயடைத்தனர். அதே ஆண்டில் ஹார்வி டு குராஸ் என்பவரின் முயற்சியால் கம்பெனி தோன்றியது.

ஆனால் ரிம்மோடு ஒட்டிய அந்த டயரில் முள் குத்தினால், பிய்த்தெடுத்துத்தான் பழுது பார்க்க வேண்டும். அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் வேறு சிலர். 1890இல் வெல்ச், பார்ட்லெட் ஆகியோரும், 1891இல் பிரான்சின் மிஷலின் சகோதரர்களும் கழற்றி மாட்டும் டயர்களை அமைத்தனர். நம் சைக்கிள்களில் ரப்பர் வால்டியூப் போட்டு மாட்டுகிறோமே, அந்த வால்வு 1891இல் உட்ஸ் என்பவர் தந்தது. எடை குறைவு, ஓட்டம் மென்மை என்பதற்காகப் பந்தய வீரர்கள் மட்டும் ஒட்டு டயரை விடவில்லை.

டன்லப்புக்கு இடியாக ஒரு செய்தி வந்தது. ராபர்ட் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் காற்று டயருக்கு 1845இலேயே காப்புரிமை பெற்றிருந்தார்! டன்லப் அதை அறிந்தவரல்லர். காப்புரிமை செல்லாமற் போயிற்று. வெல்ச், பார்ட்லெட் ஆகியோரின் உரிமைகளை வாங்கியே கம்பெனி நிலைத்தது. 1896இல் அது 30 லட்சம் பவுனுக்கு விலைபோனபோது டன்லப் அதில் இல்லை. 1921 அக்டோபர் 23 அன்று டப்ளினில் காலமானார். அவர் பெயர் உலகெங்கும் உருண்டது. பெருஞ்செல்வம் மட்டும் வரவில்லை.

இவ்வரலாற்றை இரவு கடையில் அமர்ந்து அப்பாவுக்குச் சொன்னேன். மாட்டு மருத்துவரா என்று கேட்டுச் சிரித்தார். சில நாளில் அந்த இளைஞர் பசையோடு வந்தார். அப்பா ரிம்மிலும் நாடாவிலும் மெல்லப் பசை தடவி, சற்றே உலரவிட்டு, வால்வு துளையில் தொடங்கி இரு கைகளாலும் இழுத்து அமர்த்தினார். கோணலின்றி நேராக்கிக் காற்றடித்தார். விடியும்வரை சக்கரத்தைக் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில்தான் கூலி வாங்கினார்.

கால்நடை மருத்துவர் சக்கரத்தைத் திருத்தினார். அவர் விட்ட குறையை மற்றவர்கள் நிரப்பினார்கள். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்பா அந்த வேலையைத் தொடர்கிறார். இவ்வாண்டுக் கல்லூரிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில், சைக்கிள் பழுது பார்த்தல் என்று முழுதாக எழுதினேன்.