கருணைக் கடல் ஈசுவரசந்திர வித்தியாசாகரர்

பிறர் துன்பங் கண்டு மனம் உருகுதல் மனிதர் பலர்க்கும் இயல்பு. அவ்வுருக்கம் செயலாய் மாறுதல் சிலரிடத்தே நிகழ்வது. செயலிற் புகுந்தபின், உலகம் தாம் எண்ணியபடி திருந்தவில்லை எனக் கண்டும் அவ்வுருக்கம் குன்றாதிருத்தல் மிகச் சிலர்க்கே வாய்ப்பது. அம்மிகச் சிலருள் ஒருவர் வங்காளத்தில் தோன்றிய ஈசுவரசந்திர வித்தியாசாகரர்.

விதவா விவாகச் சட்டம் பிறப்பதற்குக் காரணராயிருந்தவர் என்ற அளவிலே நம்மவர் பலர் அவரை அறிவர். அச்சட்டம் நிறைவேறியபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. அதன்பின் அவர் வாழ்ந்ததும் முப்பத்தைந்து ஆண்டுகளே. வெற்றிக்கு முந்திய பாதியை உலகம் போற்றுகின்றது. பிந்திய பாதியிலேயே நாம் கற்கவேண்டியவை மிகுதி என்பது எமது துணிபு.

1820ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26ஆந் திகதி, பீர்சிங்கா என்னுங் கிராமத்தில் ஏழை அந்தணர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தையார் தாகூர்தாசர், தாயார் பகவதி தேவியார். தந்தையார் கல்கத்தாவிலே சொற்ப வேதனத்துக்கு வேலைபார்த்து வந்தார். எட்டு வயதுச் சிறுவனாயிருந்த ஈசுவரசந்திரர் தந்தையாருடன் அந்நகருக்குப் பயணமானார். வழிநெடுக நாட்டப்பட்டிருந்த மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில இலக்கங்களைக் கற்றுக்கொண்டார் என்பது வங்காளத்துச் சிறுவர்களெல்லாம் அறிந்த செய்தி.

கல்கத்தாவில் அவர்கள் தங்கியிருந்த வீட்டிலே இராய்மணி என்னும் விதவைப் பெண் ஒருவர் இருந்தார். வீட்டுத் தலைவரின் சகோதரி. தாயைப் பிரிந்து வந்த சிறுவனை அவ்வம்மையார் தம் மகனோடு மகனாய்ப் பேணினார். பெண்கள் பக்கம் பேசுபவர் என்று தம்மைப் பிறர் சொல்வது சரியே என்றும், இராய்மணியின் அன்பை நுகர்ந்த ஒருவன் வேறுவகையாய் இருத்தல் இயலாது என்றும் வித்தியாசாகரர் பிற்காலத்துத் தம் வரலாற்றில் எழுதிவைத்தார். பின்னர் நாடு முழுவதும் எழுந்த பெருங்கிளர்ச்சியின் வித்து ஒரு வீட்டுச் சமையற்கட்டிலே விழுந்தது எனலாம்.

1829ஆம் ஆண்டு சமஸ்கிருத கலாசாலையிற் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டு கற்றார். வித்தியாசாகரர் என்பது அவரது கல்வியின் ஆழத்தை நோக்கி அளிக்கப்பட்ட பட்டம். 1841இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மாதம் 50 ரூபா வேதனத்தில் தலைமைப் பண்டிதரானார். 1851இல் தாம் கற்ற சமஸ்கிருத கலாசாலைக்கே அதிபரானார். அந்தணரும் வைத்தியரும் மட்டுமே பயின்றுவந்த அக்கலாசாலையின் கதவுகளை முதலிற் காயத்தருக்கும், பின்னர் ஏனைய இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். 1855இல் அவர் வெளியிட்ட வர்ணபரிசயம் என்னும் அரிச்சுவடி வங்காளப் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாய் எழுத்தறிவித்தது.

அக்காலத்து வங்காளத்தின் நிலையை இங்கே சிறிது கூறல் வேண்டும். உயர்குடிப் பெண்களைப் பாலியத்திலேயே, சிலபோது முதியவர்களுக்கும் மணமுடித்துக் கொடுத்தனர். கணவர் இறந்ததும், வாழ்வு இன்னதென்று அறியாத சிறுமி விதவையானாள். அணிகலன் இல்லை, நல்லுணவு இல்லை. ஏகாதசி தோறும் ஒரு துளி நீருமின்றி உபவாசம். உடன்கட்டை ஏறும் வழக்கம் 1829இல் தடைசெய்யப்பட்டது. நெருப்பிலிருந்து காப்பாற்றப்பட்ட பெண்ணுக்கு வாழ வழி காட்டுவார் மட்டும் இலர்.

வித்தியாசாகரர் அவ்வழியைத் தேடினார். கண்ணீரைக் காட்டினால் மட்டும் தம் நாட்டார் இரங்கார், சாத்திரத்தைக் காட்டினாலே செவிசாய்ப்பர் என்பது அவர் அறிந்தது. ஆகவே தரும நூல்களை இரவு பகலாய் ஆராய்ந்து, கலியுகத்துக்கு உரியதெனக் கூறப்படும் பராசர ஸ்மிருதியிலே மறுமணத்துக்கு இடமுண்டு என நிறுவினார். 1855ஆம் ஆண்டு சனவரியில் ஒரு பிரசுரமும், எதிர்ப்புகளுக்கு விடையாக அவ்வாண்டு ஒக்டோபரில் மற்றொரு பிரசுரமும் வெளிவந்தன. நண்பர் பலர் விலகினர். வீதியிலே வசையும் மிரட்டலும் எழுந்தன.

சட்டம் வேண்டி அவர் அனுப்பிய விண்ணப்பத்திலே கையொப்பமிட்டோர் ஆயிரவருக்கும் குறைவு. இராதாகாந்த தேவர் முதலாயினோர் அனுப்பிய எதிர் விண்ணப்பத்திலோ முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் இருந்தன. ஆயினும் கிராண்ட் என்பவர் சட்டநிரூபண சபையிற் கொணர்ந்த மசோதா 1856ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நிறைவேறிற்று. அது எவரையும் மறுமணஞ் செய்யுமாறு வற்புறுத்தவில்லை. செய்ய விரும்புவோரின் வழியிலிருந்த தடையை மட்டும் நீக்கிற்று. அவ்வாண்டு டிசெம்பர் 7ஆந் திகதி, கல்கத்தாவிலே அவரது நண்பர் ஒருவரின் வீட்டில் முதல் விவாகம் நடைபெற்றது. மணமகன் சிரீசசந்திர வித்தியாரத்தினர். மணமகள் சிறுமிப் பருவத்து விதவையாகிய காளிமதி. சாந்திபுரத்து நெசவாளர் வித்தியாசாகரரை வாழ்த்தும் பாட்டைச் சேலைக் கரையில் நெய்து விற்றனர்.

வேறொருவர் வரலாறாயின் இவ்விடத்திலே மங்களம் பாடி முடித்துவிடலாம். வித்தியாசாகரருக்கோ துன்பம் இங்கேதான் தொடங்கிற்று.

சட்டம் வந்தது, மணமக்கள் வரவில்லை. மறுமணஞ் செய்தவரை ஊர் விலக்கிற்று. உறவினர் கைவிட்டனர். அவர்களுக்கு வீடும் தொழிலும் பாதுகாப்பும் வேண்டியிருந்தன. மண்டபங்களிலே கைதட்டி ஆதரித்த செல்வர் பலர், கொடுப்பதாய் ஒப்பிய பணத்தைக் கொடாது ஒதுங்கினர். வித்தியாசாகரரோ ஒதுங்கவில்லை. மணச்செலவையும் பின்வருஞ் செலவையும் தாமே ஏற்றார். ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அறுபதளவு விவாகங்களுக்காக எண்பதினாயிரம் ரூபாவளவில் செலவாகி அவர் பெருங்கடனாளியானார். பணத்தை விரும்பியே விதவையை மணந்து பின்னர் கைவிட்டவர்களும் இருந்தனர். தம் நாட்டார் இத்தகையர் என முன்னமே அறிந்திருப்பின் இம்முயற்சியிலே இறங்கியிருக்க மாட்டேன் என்ற கருத்துப்பட நண்பரொருவருக்கு மனம் நொந்து கடிதம் எழுதினார். எழுதியவர் மறுநாளும் விதவைகளுக்கு உதவிக்கொண்டேயிருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

பெண்கல்வியிலும் இதுவே நிகழ்ந்தது. 1857ஆம், 1858ஆம் ஆண்டுகளில் சில மாதங்களுக்குள் 35 பெண் பாடசாலைகளை அவர் கிராமங்களில் நிறுவினார். வாய்மொழியாய் ஊக்கிய அரசாங்கத்தார் பின்னர் நிரந்தர உதவி வழங்க மறுத்தனர். 1858இல் மாதம் 500 ரூபா வருவாயுள்ள உத்தியோகத்தை அவர் துறந்தார். தம் நூல்களால் வந்த பணத்தையும் நண்பர் தந்த நன்கொடையையுங் கொண்டு பாடசாலைகளை நடத்த முயன்றார்.

1870ஆம் ஆண்டு அவரது ஏக புத்திரர் நாராயணசந்திரர் ஒரு விதவையை மணக்க முன்வந்தார். உறவினர் தடுத்தனர். ஊரார் பிள்ளைகளைத் தூண்டிவிட்டுத் தம் பிள்ளையைத் தடுப்பவன் உலகத்தார் முகத்தில் விழித்தலாகாது என்று கருதிய தந்தையார் அம்மணத்தை மகிழ்வோடு ஏற்றார். விதவா விவாக முயற்சியே தம் வாழ்வின் தலையாய நற்செயல் எனத் தம்பியாருக்கு எழுதினார். ஆயினும் அம்மைந்தரின் ஒழுக்கங் கண்டு வருந்தி, 1875இல் எழுதிய மரண சாசனத்தில் அவரைத் தம் சொத்துக்கு உரிமையற்றவராக்கினார். கொள்கைக்கு இணங்கிய மகன் என்பதற்காகவும் அவர் நீதியை வளைக்கவில்லை.

குலீனர் எனப்படும் அந்தணர் பல பெண்களை மணந்து, அவர்களைத் தந்தையர் வீட்டிலேயே விட்டுவிடும் வழக்கத்தையும் அவர் எதிர்த்தார். 1855இலும் 1866இலும் விண்ணப்பங்கள் சென்றன. 1871இல் வெளியிட்ட நூலிலே ஹூக்ளி மாவட்டத்துக் குலீனரின் பெயர், வயது, மனைவியர் தொகை ஆகியவற்றை நிரைப்படுத்திக் காட்டினார். ஐம்பத்தைந்து வயதினர் ஒருவருக்கு மனைவியர் எண்பதின்மர்! ஆயினும் 1857ஆம் ஆண்டுக் கலகத்தின் பின் இந்துக்களின் வழக்கங்களிலே தலையிட அரசாங்கத்தார் அஞ்சினர். சட்டம் வரவில்லை. அப்போரிலே அவர் தோற்றார்.

வென்ற சட்டத்திலுங்கூட ஒரு முள் இருந்தது. மறுமணஞ் செய்யும் விதவை, இறந்த கணவன் வழியாய் வந்த சொத்துரிமையை இழப்பாள் என அதன் இரண்டாம் பிரிவு விதித்தது. மறுமணம் முன்னமே வழக்கிலிருந்த சாதிகளின் பெண்களுக்கும் அப்பிரிவு பொருந்துமெனச் சில உயர்நீதிமன்றங்கள் பிற்காலத்தில் தீர்த்தன. அலகாபாத் நீதிமன்றம் அதற்கு ஒப்பவில்லை. விதவைக்கு இரங்கிச் செய்த சட்டம் வேறு சில விதவைகளின் கையிலிருந்ததைப் பறிக்கவும் கருவியாயிற்று. நல்லெண்ணத்தோடு தொடங்கும் காரியங்களும் நாம் கருதாத இடத்திலே காயஞ் செய்யக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவ்வளவு ஏமாற்றங்களுக்குப் பின் ஒருவர் மனிதரை வெறுத்து ஒதுங்கினும் நாம் குறைகூறோம். வித்தியாசாகரரோ, கூட்டங்களிலிருந்து விலகினாரேயன்றி மனிதரிடமிருந்து விலகவில்லை. 1866ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே தம் ஊரில் அன்னசத்திரம் திறந்தார். 1869இல் வர்த்தமானில் காய்ச்சல் பரவியபோது மருந்தும் உணவும் வழங்கினார். பிரான்சு தேசத்திலே வறுமையில் வாடிய கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தருக்குக் கடன்பட்டுப் பணம் அனுப்பினார்.

இறுதிக்காலத்தில் இன்றைய சார்க்கண்ட் மாநிலத்திலுள்ள கர்மாடார் என்னுமிடத்தில் வீடொன்று வாங்கிச் சந்தால் மக்களிடையே பலகாலம் வாழ்ந்தார். அவர்களுக்கு ஓமியோபதி மருந்து கொடுத்தார். காலையிலே சந்தாலர் சோளப்பொத்திகளைக் கொண்டுவந்து, தமக்குப் பணம் தேவையென விற்பர். கேட்ட விலைக்கு வாங்கி அறையிலே குவித்து வைப்பார். பொழுதேறியதும் பசியோடு வருவோருக்கு அப்பொத்திகளையே எடுத்துக் கொடுப்பார். அவர்கள் முற்றத்திலே வாட்டித் தின்பர். அங்குச் சென்று தங்கிய ஹரப்பிரசாத சாஸ்திரியார் இதனை நேரிற் கண்டு எழுதியுள்ளார். இக்காலத்தில் அவ்வூர்ப் புகையிரத நிலையம் வித்தியாசாகர் என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது.

1882ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 5ஆந் திகதி ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் தாமாகவே வித்தியாசாகரரின் இல்லஞ் சென்று அவரைக் கண்டார். சமயம் போதிக்க வாய்திறவாத அப்பண்டிதரின் தயையைப் பரமஹம்சர் மனமுவந்து பாராட்டினார். 1891இல், இளம் மனைவியரைக் காக்கும் பொருட்டு வந்த சம்மத வயது மசோதா பற்றி அரசாங்கத்தார் அவர் கருத்தைக் கேட்டனர். அது சமயச் சடங்கொன்றிலே தலையிடுவதாய் அமைந்துள்ளதென அவர் உடன்படவில்லை. பருவமெய்தாத மனைவியைக் கூடுதலைக் குற்றமாக்கும் வேறொரு முறையைக் கூறினார். அவர் கொண்ட முடிவு சரியா என்று இன்று நாம் வினவலாம். பெரியோரை வணங்குவதற்கு அவர்கள் எல்லாவற்றிலும் பிழையற்றவர் எனக் கொள்ளவேண்டியதில்லை. அவ்வாண்டு யூலை 29ஆந் திகதி அவர் கல்கத்தாவிலே காலமானார்.

சங்கங்களிலே சேர்ந்து பணிசெய்ய விழையும் நம் இளைஞருக்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? தீர்மானம் நிறைவேற்றுதல் நன்று. விண்ணப்பம் அனுப்புதல் நன்று. அவை ஒரு கதவைத் திறக்கும். திறந்த கதவின் வழியே வருபவள் கையைப் பிடிப்பார் யார், அவளுக்கு மறுநாட் சோறு தருவார் யார் என்ற வினாவுக்கு அவை விடையாகா. மண்டபத்திலே கையுயர்த்திய நாம் அவ்விடையைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். சொல்ல இயலாவிடின் கையை உயர்த்துமுன் சிறிது சிந்தித்தல் வேண்டும். நம் முயற்சி தோற்கவுங் கூடும். தோற்றபோதும், பசித்து வருபவனுக்குக் கொடுக்க வீட்டிலே நாலு சோளப்பொத்தியேனும் இருக்கச் செய்வது நம் கையிலேயே உள்ளது.

கல்விக் கடல் என்ற பட்டத்தைக் கலாசாலை அவருக்கு அளித்தது. கருணைக் கடல் என்ற பட்டத்தை ஏழைகள் அளித்தனர். இரண்டாவதே நின்று நிலவுகின்றது. அவர் சென்ற வழியிலே ஓரடியேனும் நாமும் வைக்கத் திருவருள் துணைபுரிவதாக.