வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்

எவர்சில்வர்ல வெள்ளி ஒரு துளிகூடக் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா அந்தத் துருப்பிடிக்காத எஃகை சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரப் போராடின மனுஷனைத் தெரியுமா? அவர் பேர் ஹாரி பிரியர்லி. சொந்த ஊர்க்காரங்களே அவரை வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்சவர்னு கிண்டல் பண்ணாங்க.

1871-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தார். அப்பா எஃகு உருக்கும் தொழிலாளி, வீட்டில் வறுமை. 12 வயதிலேயே தாமஸ் ஃபர்த் அண்ட் சன்ஸ் என்ற எஃகு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அங்கிருந்த லேபில் பாட்டில் கழுவும் பையன் ஆனார். ஜேம்ஸ் டெய்லர் என்ற கெமிஸ்ட்தான் அவரைப் படிக்கத் தூண்டினார். பகல்ல வேலை, ராத்திரி படிப்பு. ஃபர்த்தும் ஜான் பிரவுன் கம்பெனியும் 1908-ல் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி லேப் தொடங்கினப்போ, டிகிரி இல்லாத இவரைத்தான் தலைவராக்கினாங்க.

1912-ல் வந்த வேலைக்கும் கத்திக்கும் சம்பந்தமே இல்லை. துப்பாக்கிக் குழல் உள்பக்கம் சீக்கிரமா அரிச்சுப் போகுது, அதுக்கு ஒரு வழி வேணும். பிரியர்லி குரோமியம் சேர்த்துப் பார்த்தார். 1913 ஆகஸ்ட் 13 அன்று உருக்கின கலவையில் 12.8 சதவீதம் குரோமியம், 0.24 சதவீதம் கார்பன். மைக்ரோஸ்கோப்பில் பார்க்க சாம்பிளை நைட்ரிக் ஆசிட் கரைசலில் எட்ச் பண்ணணும் இல்லையா? இது எட்ச் ஆகவே மாட்டேங்குது! வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட ஒண்ணும் செய்யலை. குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமா நிக்குது. கீறினாலும் திரும்ப உருவாகிடும்.

ஷெஃபீல்டு கத்திக்குப் பேர்போன ஊர். அப்போதைய கார்பன் ஸ்டீல் கத்தியில் எலுமிச்சை பட்டாலே கறை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அப்புறம் தேய்ச்சுத் துடைக்கணும். பிரியர்லிக்கு உடனே கத்தி ஞாபகம் வந்தது. கம்பெனி கண்டுக்கலை. ரெண்டு கத்திப் பட்டறைகளுக்கு எஃகைக் கொடுத்துப் பார்த்தார். அடிக்க முடியலை, சாணை பிடிக்க முடியலை, வெட்டவும் மாட்டேங்குதுன்னு பதில் வந்தது.

ஏன்? இங்கதான் நம்ம பாடம் வருது. சாதாரண கார்பன் ஸ்டீலை 780 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் சூடாக்கி குவென்ச் பண்ணா போதும். நெருப்போட நிறத்தைப் பார்த்தே அதைச் செஞ்சு பழகினவங்க அந்தத் தொழிலாளிகள். குரோமியம் ஸ்டீலுக்கு 1000 டிகிரி பக்கம் போகணும். அதுக்குக் கீழே கார்பைடு ஆஸ்டெனைட்டில் சரியா கரையாது. குவென்ச் பண்ணாலும் விளிம்பு மெதுவாவே இருக்கும். போதாக்குறைக்கு இந்த எஃகு வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது. சாணைக்கல்லில் அழுத்திப் பிடிச்சா மெல்லிய விளிம்பு சூடேறி, இருக்கிற கடினமும் போயிடும்.

1914-ல் ஆர்.எஃப். மோஸ்லி கம்பெனியின் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் முயற்சி பண்ணார். முதல் தடவை அச்சுக் கருவிகள் கெட்டுப்போச்சு. ரெண்டாவது தடவை கத்தி உடையுற அளவுக்கு நொறுங்கலா வந்தது. மூணாவது தடவை பிரியர்லியே பட்டறையில் பக்கத்தில் நின்னு, எந்த வெப்பத்தில் வேலை செய்யணும்னு சொன்னார். கத்தி வெட்டுச்சு. ஸ்டெயின்லெஸ்னு பேர் வெச்சதும் ஸ்டூவர்ட்தான்.

அப்புறம்தான் பெரிய சண்டை. இத்தனை நாள் கண்டுக்காத கம்பெனி, கண்டுபிடிப்பு முழுக்க தன்னோடதுன்னு சொல்லிடுச்சு. 1915-ல் பிரியர்லி வேலையை விட்டுட்டு பிரவுன் பேலீஸ் எஃகு ஆலைக்குப் போனார். 1916-ல் அமெரிக்கக் காப்புரிமை அவர் பேரில் கிடைச்சது. 1920-ல் பெஸ்ஸெமர் தங்கப் பதக்கம். அவர் ஒருத்தர்தான் கண்டுபிடிச்சார்னும் சொல்லிட முடியாது. ஜெர்மனியில் க்ரூப் கம்பெனி நிக்கல் சேர்த்த வகைக்கு 1912-லேயே காப்புரிமை கேட்டிருந்தது. நம்ம தட்டு, டம்ளர் பெரும்பாலும் நிக்கல் குடும்பம். கத்திதான் பிரியர்லி வழி. 1948-ல் அவர் இறந்தார்.

முதல் ரெண்டு பட்டறைக்கும் மோஸ்லிக்கும் போனது ஒரே வகை எஃகுதான். அடுத்த தடவை ப்ராஜெக்ட்டுக்கு ஸ்டீல் தேர்வு பண்ணும்போது டேபிளில் கிரேடு பார்த்ததோட நிறுத்தாதீங்க. அதை ஹார்டன் பண்ணப்போற அண்ணன்கிட்ட போய் எத்தனை டிகிரி வைக்கப் போறீங்கன்னும் கேளுங்க.