சாலைக்கு வர விழைந்த பந்தயக் கார்: புரூஸ் மெக்லாரன் வாழ்வு

மெக்லாரன் என்னும் பெயரை இன்று கேட்போருள் பெரும்பாலோர் அதனை ஒரு கார் நிறுவனத்தின் பெயராகவே அறிவர். அப்பெயருக்கு உரியவர் முப்பத்திரண்டாம் அகவையில் மறைந்த ஓர் இளைஞர் என்பதும், பந்தயக் காரை ஊர்ச்சாலையில் ஓட்டத்தக்க ஊர்தியாக மாற்றி விற்க வேண்டும் என்னும் விழைவு ஈடேறக் காணாமலே அவர் சென்றுவிட்டார் என்பதும் பலரும் அறியாத செய்திகள்.

புரூஸ் லெஸ்லி மெக்லாரன் 1937ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள் நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் பிறந்தார். பெற்றோர் பெட்ரோல் நிலையமும் அதனை ஒட்டிய பட்டறையும் நடத்தி வந்தனர். ஒன்பதாம் அகவையில் இடுப்பு மூட்டைத் தாக்கும் பெர்தெஸ் என்னும் நோய் சிறுவரைப் பற்றியது. ஓடியாட வேண்டிய பருவத்தில், உடல் அசையாவண்ணம் சட்டகத்தில் பிணிக்கப்பட்டவராய் ஆண்டுக்கணக்கில் மருத்துவ இல்லத்தில் கிடந்தார். நோய் நீங்கிய பின்னும் இடக்கால் வலக்காலினும் குட்டையாகவே நின்றுவிட்டது. வாழ்நாள் முழுதும் சற்றே விந்தி நடந்த இவர்தாம் உலகின் விரைவான ஊர்திகளை ஓட்டினார் என்பதை மாணவச் செல்வங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தந்தையார் துண்டு துண்டாகப் பிரித்த நிலையில் வாங்கி வந்த பழைய ஆஸ்டின் செவன் காரே இவருக்கு வாய்த்த முதற்பள்ளி. அதனைத் தந்தையும் மகனுமாகப் பூட்டி முடித்தனர். பதினைந்தாம் அகவையில் அதே வண்டியில் முதற்போட்டியில் கலந்துகொண்டார். 1958இல் ஓட்டுநர் உதவித் திட்டம் ஒன்றின் வழியே இங்கிலாந்து சென்று கூப்பர் அணியில் சேர்ந்தார். 1959 திசம்பர் 12ஆம் நாள் செப்ரிங்கில் நடைபெற்ற அமெரிக்கக் கிராண்ட் பிரீயில் வென்றபோது அவருக்கு அகவை இருபத்திரண்டே. மிக இளமையில் கிராண்ட் பிரீ வென்றவர் என்னும் அப்பெருமை 2003 வரை அவரிடமே இருந்தது. 1963இல் தம் பெயரால் ஒரு பந்தய நிறுவனத்தை நிறுவினார்.

1966இல் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நிகழ்ந்த 24 மணி நேரப் பந்தயத்தில் தம் நாட்டவரான கிறிஸ் ஏமனுடன் மாறி மாறி ஓட்டிப் போர்டு நிறுவனத்திற்கு வெற்றி தேடித் தந்தார். இத்தகைய நெடுநேரப் பந்தயங்களைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் தகும். இரவும் பகலும் மழையும் வெயிலும் தாங்கி ஓடவேண்டிய இக்கார்களுள் சில வகைகளுக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் கார்களைச் செய்து காட்டினால்தான் போட்டிக்கு இசைவு கிட்டும். அவ்வாறு செய்தவற்றுள் எஞ்சியவற்றை என் செய்வது? சாலைக்கு ஏற்றவாறு மாற்றி விற்பது ஒரு வழி. ஜாகுவார் நிறுவனம் லெ மான் வென்ற டி-டைப் கார்களை 1957இல் எக்ஸ்கே-எஸ்எஸ் என மாற்றியது. ஆலைத் தீயில் சில அழிந்துபோகப் பதினாறே நிறைவுற்றன. போர்டு நிறுவனமும் தன் ஜிடி40 காரைச் சாலைக்கென மாற்றி, மூட்டைமுடிச்சு வைக்கப் பின்புறத்தை நீட்டி, நான்கு முகப்பு விளக்குகளும் சிகரெட் சாம்பற் கிண்ணமும் பொருத்தி ஏழு ஊர்திகளைச் செய்தது. பந்தயக் காருக்குச் சாம்பற் கிண்ணம் என்பது நகைப்புக்கு இடந்தருவது எனினும், அம்மாற்றத்தின் இயல்பை அஃதொன்றே விளக்கிவிடும். விரைதல் ஒன்றையே கருதிச் செய்யப்பட்ட பொறிக்கு, நெரிசலில் கொதிக்காமல் நிற்கவும், மேடுபள்ளத்தில் அடி தட்டாமல் செல்லவும், சட்டம் வேண்டும் விளக்கும் எண் பலகையும் தாங்கவும் கற்பித்தாக வேண்டும்.

மெக்லாரனின் சொந்தக் கார்கள் அப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் நடைபெற்ற கேன்-ஆம் பந்தயங்களில் ஒப்பாரின்றி விளங்கின. 1969இல் பதினொரு பந்தயங்களிலும் அவையே வென்றன. அவ்வழியில் வந்த எம்6 காருக்கு மேற்கூரை அமைத்து, எம்6ஜிடி என்னும் பெயரில் நெடுநேரப் பந்தயங்களுக்கு அனுப்ப எண்ணினார். ஐம்பது கார்கள் செய்யப்பட வேண்டும் என்பது விதி. சிறிய நிறுவனத்தால் அது கைகூடவில்லை. பந்தயத் திட்டம் கைவிடப்பட்டது.

வேறொருவராயின் அக்காரைக் கொட்டிலில் மூடி வைத்திருப்பர். புரூஸ் அதனைச் சாலைக்குக் கொணர்ந்தார். மெல்லிய கண்ணாடியிழை உடற்கூடும், இருக்கைக்குப் பின்னே எட்டு உருளைச் செவர்லே எஞ்சினும் கொண்ட செந்நிறக் கார் அது. முறைப்படி பதிவெண் பெற்று, அதிலேயே நாள்தோறும் தம் பணிமனைக்குச் சென்று வந்தார். ஆண்டுக்கு 250 கார்கள் செய்து விற்பது அவர் திட்டம். தாமே ஓட்டிக் குறை கண்டு திருத்திய பின்னரே பிறர்க்கு விற்க முனைந்தார் என்பதே, பெற்ற கோப்பைகளினும் அவரை உயர்த்திக் காட்டுவதாக யான் கருதுகிறேன்.

1970 சூன் 2ஆம் நாள் இங்கிலாந்தின் குட்வுட் களத்தில் எம்8டி என்னும் புதிய கேன்-ஆம் காரை ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். பெருவிரைவில் செல்கையில் பின்புற மேலுறை கழன்று பறந்தது. அதனால் தரையோடு பிடிப்பை இழந்த கார் சுழன்று, களக் காவலர் நிற்கும் தடுப்பின்மீது மோதிற்று. புரூஸ் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். வீட்டில் இருக்குமாறு சொல்லப்பட்டும் மறுநாட் காலை பணியாளர் அனைவரும் பணிமனைக்கு வந்து சேர்ந்தனர். பன்னிரண்டாம் நாள் கனடாவில் நடந்த பந்தயத்தில் அவர்தம் கார் வென்றது.

சாலைக் கார்த் திட்டமோ அவருடனேயே நின்றுபோயிற்று. அவர் ஓட்டி வந்த எம்6ஜிடி பின்னர் அவர் நண்பரும் அணியின் ஓட்டுநருமான டென்னி ஹியூமிடம் சென்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1992இல், அந்நிறுவனம் எஃப்1 என்னும் சாலைக் காரை வெளியிட்டது. அதன் பந்தய வடிவம் 1995இல் லெ மானில் முதலிடம் பெற்றது. அப்பந்தயத்தில் ஓட்டத்தை நிறைவு செய்த மெக்லாரன் கார்கள் ஐந்து. அதன் நினைவாக, அப்பந்தயக் காரைத் தழுவிச் சாலைக்கென எஃப்1 எல்எம் என்னும் பெயரில் விற்பனைக்கு ஐந்தே கார்கள் செய்தனர். அவற்றுக்கு முன்னோடியாக அமைந்த மாதிரிக் காருக்குத் தீட்டப்பட்ட வண்ணம், புரூஸின் கேன்-ஆம் கார்கள் அணிந்திருந்த அதே பப்பாளிப் பழ நிறம்.